சாவி சாமியிடம் இருந்த நாள்

என் மேஜையில் பேனாக்கள் போட்டு வைத்திருக்கும் இரும்புக் குழாயை, வருகிறவர்கள் எல்லாரும் ஒரு முறை தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு சாண் உயரம்கூட இல்லை, ஆனால் நல்ல கனம். ஒரு விளிம்பைக் கத்திபோலச் சீவியிருக்கும். மண் வேலை தெரிந்தவர்கள் பார்த்ததும் கோர் கட்டர் என்று சொல்லிவிடுவார்கள். ரோட்டுக்கு மேடு கட்டும்போது மண்ணை ஓர் அடுக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி முடித்த பிறகு இதை அடித்து உள்ளே இறக்குவோம். அகப்பட்ட மண்ணை எடை போட்டால் எவ்வளவு இறுகியிருக்கிறது, எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சரியாக இருந்தால்தான் அடுத்த அடுக்கு. என் கட்டரின் விளிம்பில் சிவப்பாக ஒரு பொட்டு இருக்கிறது. துருவா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன்.

2010இல் நான் ஒரகடம் பக்கம் ஒரு சின்ன ஒப்பந்த நிறுவனத்தில் தரப் பரிசோதனை எஞ்சினியர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, படித்ததெல்லாம் எனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பில் திரிந்துகொண்டிருந்த வயது. கம்பெனி பஸ்கள் போவதற்காக ஓர் ஏரியின் ஓரமாக, மூன்று ஆள் உயரத்துக்கு மண்மேடு கட்டி இணைப்பு ரோடு போட்டுக்கொண்டிருந்தோம். மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர், சொந்தமாக ஒரு டேங்கர் லாரி வைத்திருந்தார். சைட்டில் எல்லாருக்கும் அவர் தண்ணி அண்ணன். எனக்கும் அவருக்கும் தினமும் சண்டை. ஈரம் போதவில்லை, இன்னொரு நடை என்று நான் சொல்ல, அவர் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, “தாகம் மண்ணுக்கா மேடம், உங்களுக்கா?” என்று கேட்பார். கொழுக்கட்டை மாவுக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் பிடி நிற்காதல்லவா, அதேதான் இதுவும் என்று ஒரு நாள் சொன்னேன். மறுநாளிலிருந்து என் சோதனைக்கு முன்பே ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பார்த்து, “நிக்குது மேடம், போதும்” என்று அறிவிக்கத் தொடங்கினார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாக இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிகளையும் கழுவி வாழைக்கன்று கட்டினார்கள். ஆய்வுக்கூடக் கன்டெய்னரில் என் தராசு, சல்லடைகள், பழைய கட்டர், அன்றுதான் பிரித்த புதுக் கட்டர் எல்லாவற்றுக்கும் நானே சந்தனம் குங்குமம் வைத்தேன். அண்ணன் டேங்கர் சாவியைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால், புதுக் கட்டரின் பக்கத்தில் வைத்தார். அவர்கள் வீட்டு வழக்கப்படி, வைத்ததை மறுநாள் காலைதான் எடுக்க வேண்டும். ரோலர்காரருக்கு அப்படி இல்லை. எலுமிச்சம்பழம் நசுக்கியதோடு அவர் பூஜை முடிந்தது. பத்து மணிக்கு வந்த மேனேஜர் இரண்டு அடுக்கு இன்றைக்கே போட வேண்டும் என்றார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இன்னிக்கு வண்டி எடுக்க முடியாது சார். சாவி சாமிகிட்ட கீது.”

அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மண் மாவுபோல உலர்ந்து கிடந்தது. ஐம்பது மீட்டர் நீளத்துக்கு இரண்டு அடுக்கு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ரோலர் ஓடியது. “நாளைக்கு மேல தண்ணி விட்டா கீழ இறங்கிடும்மா” என்றார் மேனேஜர். இறங்காது என்று எனக்குத் தெரியும். உலர்ந்த மண் மேலே ஓடுபோல இறுகும், உள்ளே பொத்தலாகவே இருக்கும். என்றைக்காவது தண்ணீர் கீழிருந்து ஊறினால் அப்படியே உட்காரும். பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கட்டரும் பூஜையில்தானே இருக்கிறது, எப்படி எடுப்பது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, முந்தைய நாள் எண்களைக் கொஞ்சம் மாற்றிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அண்ணன் வந்து பார்த்தபோது அந்த இரண்டு அடுக்கின் மேல் மூன்றாவதும் ஏறியிருந்தது.

“நேத்து தண்ணி இல்லாமலா போட்டீங்க? டெஸ்ட்டு?” என்று கேட்டார்.

“பாஸ் அண்ணே” என்றேன்.

அவர் அதை நம்பினார். ஆனாலும் மண்ணை அமுக்கிப் பார்க்க முடியாமல் போனது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்த வருடம் ரோடு திறந்து, பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அதே நிறுவனத்தில் பராமரிப்பு வேலையில் இருந்தேன். அண்ணன், கம்பெனிப் பையன்கள் தங்கும் ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நவம்பரில் நாலு நாள் விடாத மழை. ஏரி நிரம்பி மேட்டின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. ஐந்தாம் நாள் மதியம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. “மேடம், நம்ம எடத்துல ரோடு குந்துது.” எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

போய்ப் பார்த்தபோது ஏரிப் பக்கம் ரோட்டின் நீளவாக்கில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. இரண்டு பக்கமும் ஆணி அடித்து டேப் வைத்து அளந்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர். இருபது நிமிடம் கழித்து அளந்தபோது முப்பத்தொன்று. இரண்டாம் ஷிப்ட் பஸ்கள் வரும் நேரம். மேனேஜருக்குப் போன் போட்டேன். “ஒரு பக்கம் கோன் வச்சு மறுபக்கம் விடு. பஸ் நின்னா ஃபேக்டரில லைன் நிக்கும்மா. சும்மா மழை வெடிப்புதானே?” என்றார். இல்லை, ரோடு முழுவதையும் மூட வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் தேடினால் என் பதிவேடு வெளியே வரும்.

“ஆமா சார்” என்றேன்.

பக்கத்தில் நனைந்துகொண்டு நின்ற அண்ணன் என்னைப் பார்த்தார். “இன்னா மேடம் ஆமான்றீங்க? தண்ணி வுடாத மண்ணு கீழ கீது. நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்ல?” பதிலுக்குக் காத்திராமல் டேங்கரில் ஏறி, வெடிப்புக்கு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திச் சாவியை உருவினார். “அந்தாண்ட பக்கம் நீங்க போங்க” என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் நான் ஓடினேன், துப்பட்டாவை ஆட்டிக்கொண்டு. இரண்டு பக்கமும் பஸ்கள் சேர்ந்தன. முதல் பஸ் டிரைவர் இறங்கி வந்து, “யோவ், பஞ்ச் டைம் ஆவுது, வண்டிய எடுய்யா” என்று அண்ணன் சட்டையைப் பிடித்தது மழையினூடே எனக்குத் தெரிந்தது. போலீஸ்காரர் ஒருவரும் வந்து சாவியைக் கேட்டார்.

“சாவி சாமிகிட்ட கீது சார். போய் அங்க கேட்டு வாங்கிக்கோங்க.”

கால் மணி நேரம் அப்படிப் பிடிவாதமாக நின்றார். போலீஸ்காரர் அவர் பையில் கைவிடப் போன நேரத்தில் விளக்குக் கம்பம் ஒன்று மெல்லச் சாய்ந்தது. பிறகு அந்த ஐம்பது மீட்டர் நீளத்துக்கும் ரோட்டின் அகலத்தில் முக்கால் பங்கு, பெரிய சத்தம்கூட இல்லாமல் ஏரிக்குள் இறங்கியது. கோன் வைத்துப் பஸ்ஸை விடச் சொல்லியிருந்த பக்கமும் அதில் போயிற்று. பஸ்களிலிருந்து பையன்கள் இறங்கி வந்து வரிசையாக நின்று பார்த்தார்கள். அவர்களில் பலர் என் ஊர்ப்பக்கத்துப் பையன்கள்.

விசாரணை அதே கன்டெய்னரில் நடந்தது. விசாரிக்க வந்த அதிகாரி கேட்பதற்கு முன்பே அண்ணன் சொன்னார்: “அன்னிக்கு நான் வண்டி எடுக்கல சார். பூஜைன்னு வூட்டுக்குப் போய்ட்டேன். தண்ணி இல்லாமப் போச்சு. மேடம் டெஸ்ட்டெல்லாம் ஒழுங்காத்தான் எடுத்தாங்க, அவங்க மேல தப்பு இல்ல.” மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். டேங்கர்காரரின் கவனக்குறைவு, எதிர்பாராத மழை என்று எழுதினார்கள். அண்ணனுக்கு இனி எந்த வேலையும் தரக்கூடாது என்றும் எழுதினார்கள். பதிவேடு என் மடியில் இருந்தது. நான் அதை மூடியே வைத்திருந்தேன். அடுத்த மாதம் வேலையை விட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. பூஜைக்குப் பிறகு ஒரு முறைகூட நான் மண்ணில் இறக்காத அந்தப் புதுக் கட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

2015இல் ஆயுத பூஜையன்று வேறு வேலையாக ஒரகடம் போனேன். இப்போது மற்றவர்கள் எழுதும் சோதனைப் பதிவேடுகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். வழியெல்லாம் வண்டிகள் மாலையோடு நின்றன. ஒரு ஹாஸ்டல் வாசலில் மட்டும் ஒரு டேங்கர் ஓடிக்கொண்டிருந்தது. ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அண்ணன். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“பூஜைக்கு லீவு இல்லையா அண்ணே?”

“ரோடு போனதுலேர்ந்து லீவு வுடறதில்ல மேடம். சாவிய சாமிகிட்ட வெப்பேன், அரை மணியில எடுத்துடுவேன். வூட்ல திட்டிகினேதான் கீறாங்க. ஒரு நாள் வுட்டதுக்கு எத்தினி உசுரு போயிருக்கும், பாத்தோம்ல.”

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. “அண்ணே, அன்னைக்கு நான் டெஸ்ட்டே எடுக்கல. எடுத்திருந்தா பெயிலாயிருக்கும், மண்ணைத் தோண்டி எடுத்திருப்பாங்க. நம்பர் நானா எழுதினது.”

அவர் ஹோஸைப் பிடித்தபடியே நின்றார். தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்து அவர் காலை நனைத்தது.

“ஆபீசர் கேக்கசொல்ல, நீ அங்கதான குந்திகினு இருந்த?” என்றார் கடைசியில்.

“ஆமா.”

“அப்ப நாலு வருசமா நான் சாமிகிட்ட இருந்து சாவியப் புடுங்கினேனே, அது இன்னாத்துக்கு?”

வால்வை மூடினார், ஹோஸைச் சுருட்டினார், வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நடந்ததை எழுதி அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் எதுவும் வரவில்லை.

இப்போதும் யாராவது பேனாக்களை எடுத்துவிட்டுக் குழாயைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு முறை மண்ணில் அடித்திருந்தால் அந்தச் சிவப்புப் பொட்டு அன்றைக்கே உரசிப் போயிருக்கும். அது துரு இல்லை. நான் வைத்த குங்குமம்.