பின் சீட்டுக்கு ஒரு சார்ஜர் பாயிண்ட்

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு இந்த மாதிரி விஷயத்துல எல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் படிச்சது எலெக்ட்ரிகல். கரண்ட் வருதுன்னா எங்கிருந்தோ வருது, நடுவுல வயர் அறுந்திருந்தா வராது, எனக்குத் தெரிஞ்ச சாமி பூதம் எல்லாம் அவ்வளவுதான். காலேஜ் ஹாஸ்டல்ல பேய்க் கதை சொல்றவளுங்க கிட்ட "அதுக்கு எத்தன வோல்ட்டு?"ன்னு கேட்டு வெறுப்பேத்துறவ நான். அதனால இதை நான் சொல்லும்போது நீங்க என்னை எப்படிப் பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியும். பாருங்க, பரவாயில்லை.

எங்க அப்பாவுக்கு விருத்தாசலத்துல பீங்கான் பொம்மை வியாபாரம். சொந்தமா சூளை கிடையாது. செராமிக் எஸ்டேட்ல பொம்மைகளை எடுத்து, வைக்கோல் சுத்தி, எங்க பழைய வெள்ளை கார்ல ஏத்திக்கிட்டு ஊர் ஊரா கடைகளுக்குப் போடுவார். கார் என்னை விட மூத்தது. ஏசி கிடையாது. சிகரெட் பத்த வைக்கறதுக்குன்னு டேஷ்போர்டுல ஒரு ஓட்டை இருக்குமே, மொத்த வண்டிக்கும் சார்ஜர் பாயிண்ட் அது ஒண்ணுதான்.

அப்பாவுக்கு மத்தியானம் சாப்பிட்டா தூங்கியாகணும். எஸ்டேட்டுக்குப் பின்னாடி உடைஞ்ச பீங்கான் கொட்டிக் கொட்டி மேடாகிக் கிடக்கும், அதுக்குப் பக்கத்துல ஒரு புங்க மரம், அதுக்குக் கீழ வண்டியைப் போட்டு பின் சீட்டுல காலை மடக்கிப் படுத்துடுவார். சார்ஜர் வயர் பின் சீட்டு வரைக்கும் எட்டாது. அதனால போன் எப்பப் பார்த்தாலும் அவர் சட்டைப் பையில சார்ஜ் இல்லாம செத்துக் கிடக்கும். "பின்னாடி ஒரு பாயிண்ட் இழுத்துத் தரேம்ப்பா"ன்னு நான் கேட்டா, "வூட்டுல மிக்ஸிய கழட்டுனது போதும்டி. வண்டில கைய வச்சே, தீ புடிச்சிக்கும்"பார்.

போன வருஷம் ஒரு மத்தியானம் அப்படித் தூங்கினவர் எழுந்திருக்கலை. அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்காங்க, ஸ்விட்ச் ஆஃப். சாயங்காலம் எஸ்டேட் ஆளுங்கதான் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரியில அவர் போட்டிருந்த துணியை ஒரு பையில கட்டிக் கொடுத்தாங்க. அந்தப் பையைப் பிரிக்க எங்க யாருக்கும் மனசு வரலை. கருமாதி அன்னிக்கு மணிமுத்தாத்துல துணியை விடணும்னதும் மாமா பையோடயே எடுத்துட்டுப் போய் சட்டை வேட்டியெல்லாம் ஒண்ணா சுருட்டி விட்டுட்டு வந்தார். வந்து கை கால் கழுவினதுக்கு அப்புறம்தான் அம்மா கேட்டாங்க, "சட்டப் பையில போன் இருந்துச்சே அண்ணே?"ன்னு. சிம்மோட சேர்த்து போன் ஆத்தோட போயிடுச்சு.

அம்மா அந்த நம்பரை இன்னும் ரீசார்ஜ் பண்றாங்க. பண்ணலைன்னா கம்பெனிக்காரன் வேற யாருக்காவது கொடுத்துடுவானாம், வேற எவனாவது எடுத்து அலோன்னா அவங்களுக்குத் தாங்காதாம். மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் பட்டன் போன்ல அந்த நம்பரைப் போட்டு, ஸ்விட்ச் ஆஃப்னு சொல்ற குரலைக் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, போனைப் புடவையில துடைச்சு வைப்பாங்க. நான் எதிர்ல உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்க்கற மாதிரி இருப்பேன்.

இந்த நேரத்துலதான் எனக்குக் கோயமுத்தூர்ல வேலை கிடைச்சது. அம்மா கூட வந்தா வாடகைக்கு வீடு, வரலைன்னா நான் மட்டும் ஹாஸ்டல் ரூம். அம்மா மூட்டை முடிச்சோட பஸ்ல அவ்வளவு தூரம் வர மாட்டாங்க. அப்பா போனதுலேர்ந்து கார்லயும் காலை வைக்கலை. கேட்டா, "அந்த டப்பாவுல யாருடி உக்காருவா, வேவுது"ன்னாங்க. காரணம் அது இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா பாருங்க, பிரச்சினைன்னு ஒண்ணு வந்தா என் கை தானா ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். பின்னாடி ஒரு சாக்கெட் வச்சு, சின்ன ஃபேன் மாட்டி, அம்மா போனுக்கும் சார்ஜர் போட்டுட்டா வந்துடுவாங்கன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வண்டி வயரிங் பண்ற பாபு அண்ணன் கடைக்குப் போனேன்.

"பழைய வண்டி தங்கச்சி. இருக்குற ஓட்டையிலயே மூணு பாயிண்ட் வர்றத ஒண்ண வாங்கி சொருவிக்கயேன்."

"அந்த வயரு தாங்காதுண்ணே. பேட்டரிலேர்ந்து தனியா இழுத்து, ஃப்யூஸ் போட்டு, ரிலே போட்டுட்டேன். சாவி போட்டாதான் கரண்ட் வரும்."

"எல்லாம் தெரியுதே, அப்புறம் எதுக்கு இங்க வந்த?"

"தகரத்துல வயர் உரசுது, ரப்பர் வளையம் வேணும்."

"வயரிங் சொல்லித் தர்றவன் அத மட்டும் வீடியோவுல குடுக்க மாட்டானா?"ன்னு சிரிச்சுட்டு ஒரு கைப்பிடி வளையம் கொடுத்தார்.

முன்னாடி ஒரு சாக்கெட், பின் சீட்டுக்கு மேல கண்ணாடி ஓரத்துப் பலகையில ஒண்ணு. பின்னாடி வச்சதுல குட்டியா டிஸ்ப்ளே உண்டு, எவ்வளவு ஆம்பியர் இழுக்குதுன்னு நீலத்துல காட்டும். எதுவும் மாட்டலைன்னா சைபர். சாவியை எடுத்தா அதுவும் அணைஞ்சிடும். எல்லாம் சரியா இருந்தது. மறுநாள் மத்தியானம் சோதிச்சுப் பார்க்க சேத்தியாத்தோப்பு ரோட்டுல தனியா கிளம்பினேன். ஃபேன் இன்னும் வாங்கலை, பின்னாடி எதுவுமே மாட்டலை, இதைக் குறிச்சுக்கோங்க.

மேகம் மூடி இருட்டிக்கிட்டு வந்தது. ரெண்டு பக்கமும் நடவு முடிஞ்ச வயல், ஒரு ஆள் இல்லை. வெள்ளாத்துப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, பின்னால வண்டி வருதான்னு கண்ணாடியைப் பார்த்தா, நீலமா 1.1.

போன் சார்ஜ் ஏறும்போது காட்டுற கணக்கு அது. ஓரமா நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். சாக்கெட்ல எதுவும் இல்லை. 1.1. சரி, டிஸ்ப்ளே மட்டமானதுன்னு நினைச்சு சாவியை எடுத்தேன். அணையலை. கரண்டை வெட்டி விடற ரிலே ஒட்டிக்கிச்சு போலன்னு சொல்லிக்கிட்டே இறங்கினேன், சத்தமாவே சொன்னேன், யாருக்குச் சொன்னேன்னு தெரியலை. பானட்டைத் தூக்கி ரிலேயையே பிடுங்கி ரோட்டுல வச்சுட்டு வந்து பார்த்தேன். அப்பவும் 1.1. நம்பினா நம்புங்க, அப்பகூட எனக்குப் பயம் வரலை, எங்கயோ தப்பா ஜாயின்ட் போட்டுட்டேன்னு எரிச்சல்தான் வந்தது.

அப்போ என் போன் அடிச்சது. அம்மா, நான் வாங்கித் தந்த டச் போன்லேர்ந்து.

"வேணி... ரிங் போவுதுடி."

"எதும்மா?"

"அப்பா நம்பரு. முழுசா அடிச்சி நின்னுச்சி, மறுபடி போட்டேன், மறுபடி போவுது. இரு, கேளு."

பட்டன் போனை இந்தப் போன் பக்கத்துல வச்சாங்க. கேட்டுச்சு. சாதாரணமா, யாருக்கு வேணா போட்டா கேட்கற மாதிரி, விட்டு விட்டு ரிங். நான் ஆத்துப் பக்கம் பார்த்தேன். எங்க ஊர் மணிமுத்தாத்துத் தண்ணி வந்து சேர்றது இந்த வெள்ளாத்துலதான்.

"எடுக்கலடி. தூங்குறாரு போல."

அம்மா அதை எவ்வளவு இயல்பா சொன்னாங்கன்னு உங்களுக்கு எப்படிச் சொல்றது! அந்த வார்த்தையிலதான் எனக்குப் பயம் வந்தது. போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, என்ன பண்றேன்னே தெரியாம பேட்டரி பக்கம் இருந்த ஃப்யூஸை வெடுக்குன்னு பிடுங்கிட்டேன்.

பின்னாடி நீலம் அணைஞ்சது.

"அய்யோ, நின்னுடுச்சி"ன்னாங்க அம்மா. பட்டன் போனை அமுக்கற சத்தம், அப்புறம் அந்தப் பொம்பளைக் குரல், ஸ்விட்ச் ஆஃப்.

கையில இருந்த ஃப்யூஸைப் பார்த்தேன். உள்ள இருக்கற கம்பி தெரியும்ல, அது நடுவுல உருகி அறுந்திருந்தது. இப்ப அறுந்த மாதிரி இல்லை, ஓரமெல்லாம் கருத்துப் போயிருந்தது. அப்படின்னா பின் சாக்கெட்டுக்கு பேட்டரியிலேர்ந்து கரண்ட் போயிருக்கவே முடியாது. நெட்வொர்க் கோளாறு, டிஸ்ப்ளே கோளாறுன்னு நீங்க சொல்லலாம், எல்லாத்தையும் நானே எனக்குச் சொல்லிப் பார்த்தாச்சு.

ரிலேயைத் திரும்ப மாட்டி, கூட எடுத்துட்டுப் போன புது ஃப்யூஸ் போட்டு வீட்டுக்கு வந்தேன். டிஸ்ப்ளே பத்தி அம்மாகிட்ட சொன்னேன், சொல்லாம இருக்க முடியலை. அம்மா வெளிய வந்து, அத்தனை நாள் தொடாத கதவைத் திறந்து, பின் சீட்டுல ஏறி உட்கார்ந்தாங்க. அவங்களைக் கார்ல ஏத்தத்தானே இவ்வளவும் பண்ணேன்? ஏறிட்டாங்க. ஆனா கோயமுத்தூருக்கு வரலை.

"மறுபடி ரிங் போனா நான் இங்க இருக்கணும்ல? நீ போயிட்டு வாடி."

இன்னிக்கு வரைக்கும் மத்தியானம் சாப்பிட்டதும் கார்ல போய் உட்கார்ந்து அந்த நம்பரைப் போடறாங்க. நான் வாங்கிக் கொடுத்த ஃபேன் ஓடுது. ஒரு தடவைகூட ரிங் போகலை. டிஸ்ப்ளேல ஃபேன் இழுக்கறது மட்டும்தான் காட்டுதாம்.

நான் இங்க ஹாஸ்டல்ல இருக்கேன். என் ரூம்ல வேற யாரும் இல்லை. அந்த அறுந்த ஃப்யூஸ் அன்னிக்கு என் சுடிதார் பாக்கெட்லயே வந்துடுச்சு, மேஜை மேல வச்சிருக்கேன். லீவு நாள்ல மத்தியானம் சாப்பிட்டு வந்து அதைத் தொட்டா சூடா இருக்குது. வெயில் படாத மூலைக்கு மாத்தி வச்சும் பார்த்துட்டேன். கொஞ்ச நேரம், ஒரு ஆள் தூங்கி எழுந்திருக்கற நேரம், அப்புறம் ஆறிடும். அந்த நேரத்துல மட்டும் ரூம்ல நான் தனியா இருக்கற மாதிரி இருக்காது.

அம்மாகிட்ட இதைச் சொன்னா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுவாங்க. எனக்கு வேணும்னு இருந்ததும் அதுதான். போனை எடுத்து நம்பரையும் போடறேன், சாப்பிட்டியாம்மான்னு கேட்டுட்டு வச்சுடறேன். அவங்க வந்து, கையை நீட்டித் தொடும்போது, அது சில்லுன்னு இருந்துட்டா?