என் வண்டிக்கு வந்த சத்தம்

அன்று காலை வந்தது என் வண்டிதான் என்று எனக்கே தெரியவில்லை. ஏரிக்கரையில் தராசை வைத்துக்கொண்டு நண்டுக்காக உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்புக்குளம் பக்கமிருந்து ஏதோ உறுமிக்கொண்டு வந்தது. மணல் லாரி வழிதவறி வருகிறது என்று நினைத்தேன். வேலிக்காத்தான் புதரைத் தாண்டித் திரும்பியபோதுதான் பார்த்தேன். என்னுடைய பிக்கப்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் தம்பி கீழே இறங்கவில்லை. நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்து இன்னொரு முறை உறுமவிட்டான். கரையோரம் நின்ற கொக்குகள் மொத்தமாக எழுந்து பறந்தன. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தான்.

“இன்னாக்கா, சவுண்டு எப்டி?”

“இன்னாடா பண்ணி வச்சிகிற?”

“சைலன்சர மாத்திட்டேன். இன்ஜின் இனிமே ஃப்ரீயா மூச்சு வுடும். மைலேஜ் ஏறும் பாரு.”

“பழசு எங்க?”

“பட்டறையிலயே குட்த்துட்டேன். அத்த வச்சிக்கினு இன்னா பண்றது?”

கரையில் அத்தனை பேர் இருந்ததால் வாயை அடக்கிக்கொண்டேன். வண்டி என் பெயரில் இருக்கிறது. அவன் அதை ஓட்டுகிறவன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வண்டி எனக்கு என்ன என்று சொன்னால்தான் என் ஆத்திரம் புரியும். அதற்கு முன்பு நண்டுக் கூடையோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவள் நான். கூடையைப் பார்த்ததுமே கண்டக்டர் பஸ்ஸை எடுக்கச் சொல்லி விசில் அடித்துவிடுவார். ஏறிவிட்டாலும் பக்கத்து சீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோவாள். ஒரு முறை, தண்ணீர் சொட்டுகிறது என்று எளாவூருக்கு முன்னாலேயே நடுரோட்டில் இறக்கிவிட்டார்கள். நிழல் இல்லை. கால் கட்டி அடுக்கியிருந்த பச்சை நண்டுகள் ஒவ்வொன்றாக நுரை தள்ளின. உயிரில்லாத நண்டை யாரும் வாங்கமாட்டார்கள். எல்லாவற்றையும் ஓடைப் பக்கம் கொட்டிவிட்டு, காலிக் கூடையோடு வீட்டுக்கு நடந்தேன். இனி எவனிடமும் ஏறவா இறங்கவா என்று கேட்கக்கூடாது என்று அன்றைக்குத் தீர்மானித்து, பல்லைக் கடித்து உழைத்து வாங்கிய வண்டி அது. அதைத் தெருவில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிகிறவனுடைய வண்டி மாதிரி ஆக்கிவிட்டான்.

நண்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அன்று சென்னைக்குப் புறப்பட்டோம். கேபினுக்குள் உட்கார முடியவில்லை. வெளியே கேட்ட உறுமல் கூடப் பரவாயில்லை, உள்ளே ஒரே சுருதியில் ஓர் இரைச்சல் காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பல்வரிசை அதிர்ந்தது. நண்டு வாங்குகிறவர் போன் செய்தது எனக்குக் கேட்கவே இல்லை. எடுத்துப் பார்த்தபோது அவர் வேறு ஆளிடம் சரக்கை எடுத்து முடித்திருந்தார்.

“இத்தினி சத்தத்துல எப்டிடா பேசறது?” என்று கத்தினேன்.

“இன்னாக்கா?” என்றான். அவனுக்கும் கேட்கவில்லை.

மைலேஜ் ஏறும் என்றானே, அதையும் பார்த்தேன். டேங்க்கை நிரப்பினால் வார இறுதி வரை ஓடுகிற வண்டி, வாரத்தின் நடுவிலேயே முள்ளைக் கீழே இறக்கியது. தம்பியைக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வதுபோல நாளுக்கொரு காரணம் சொன்னான். கடல்காற்று எதிர்த்து அடிக்கிறது என்றான். டீசலில் கலப்படம் என்றான். கடைசியில் நண்டுப் பெட்டிதான் கனம் என்றான். பெட்டி அதே பெட்டி, ரோடும் அதே ரோடு.

நான் அவன் காலைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆள் நடமாட்டம் உள்ள இடம் வந்தால் போதும், கால் தானாக அழுந்தியது. டீக்கடை வந்தால் ஒரு மிதி. பள்ளிக்கூட வாசலில் ஒரு மிதி. எளாவூர் செக்போஸ்ட்டில் மட்டும் பூனைமாதிரி போனான். போதாததற்கு, ஏரிக்கரை மணலில் பாரத்தோடு மெதுவாக ஏறும்போது வண்டிக்கு முன்பிருந்த இழுவை இல்லை. அதை ஈடுகட்ட மறுபடியும் மிதித்தான். அத்தனையும் டீசல். டாஷ்போர்டில் ஓர் இடத்தில் கருப்பு டேப் ஒட்டியிருந்தது. உரித்தேன். அடியில் இன்ஜின் கோளாறைக் காட்டும் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

“இத்த ஏண்டா மூடி வச்ச?”

“அது சும்மா எரியுதுக்கா. கண்ணுக்குப் பேஜாரா இருந்துச்சு.”

சத்தமும் டீசலும் என்னோடு போயிருந்தால் கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. கரையில் எங்களுக்கு நண்டு கொடுப்பவர்கள் வலை இல்லாதவர்கள். மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி, நண்டும் இறாலும் பிடிக்கிற குடும்பங்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போடுவார்கள். அதில் ஒரு பெண், கைக்குழந்தைக்காரி. இரண்டு பனைகளுக்கு நடுவே சேலையில் தூளி கட்டி, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவாள். குழந்தை தூங்குகிற நேரம்தான் அவளுக்கு வேலை நேரம்.

வண்டி வந்ததும் தூளி துள்ளும். குழந்தை வீரிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி வீரிடும். அவள் பறியை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடிவருவாள்.

ஒரு நாள் என்னிடம் வந்து நின்றாள். உடம்பெல்லாம் சேறு.

“அக்கா, உங்க வண்டி வந்தாலே புள்ளைக்குத் தூக்கிவாரிப் போடுது. ராவெல்லாம் திடுக்கு திடுக்குனு முழிச்சிக்கினு அழுவுது. நான் எப்டி தண்ணியில எறங்குறது?”

“நான் சொல்றேம்மா. தூரமா நிறுத்தச் சொல்றேன்” என்றேன்.

தம்பியிடம் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினான். மறுநாளும் தூளிக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றான், மணலில் சிக்கிக்கொள்ளும் என்று காரணம் சொல்லிக்கொண்டு. அந்த வாரமே அவள் தன் நண்டை வேறொரு வியாபாரிக்குப் போட்டாள். பெட்டி கட்டிய ஸ்கூட்டரில் வருகிற ஆள். அவளைப் பார்த்து அவள் நாத்தனாரும் போனாள். பிறகு இன்னும் சிலர். நான் தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, என் கண்ணெதிரே அவர்கள் என்னைத் தாண்டிப் போய் அந்த ஸ்கூட்டர்காரன் பெட்டியில் நண்டைப் போட்டார்கள்.

அடுத்த முறை சென்னையிலிருந்து திரும்பும்போது, வண்டியை நேராக அந்தப் பட்டறைக்கு விடச் சொன்னேன். நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை. வாசலில் பளபளவென்று குழாய்களைத் தோரணம்போலத் தொங்கவிட்டிருந்தார்கள். பட்டறைக்காரன் என்னைப் பார்க்கவே இல்லை. தம்பியைப் பார்த்து, “இன்னா தல, வண்டி சும்மா அள்ளுதா?” என்றான்.

“இங்க பாருங்க, வண்டி என்னுது” என்றேன். “மைலேஜ் ஏறும்னு சொன்னது யாரு?”

“அது ஓட்டுறவர் கால்ல இருக்குங்க. பைப்பு இன்னா பண்ணும்?”

“சொல்றப்ப கால்னு சொல்லல இல்ல? பைப்புனு தான சொன்ன?”

“லேடீஸுக்கு இதெல்லாம் சொன்னா புரியாதுங்க.”

எனக்கு என்ன வந்ததோ, அங்கே தொங்கிய குழாய் ஒன்றை இழுத்துத் தரையில் போட்டேன். கணீரென்று விழுந்தது. கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “இப்ப புரியுதா? என் பழைய சைலன்சர எடு” என்றேன். பழைய இரும்புக்குப் போய்விட்டது என்று முணுமுணுத்தான். அதோடு இருந்த புகை வடிக்கிற பெட்டியையும் அறுத்து விற்றிருந்தான். விலைபோகிற பொருள் அதுதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சத்தத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டு அதை எடுத்துக்கொண்டிருக்கிறான்.

திரும்பி வரும்போது ரோட்டோரம் நிறுத்தச் சொல்லி, இன்ஜினை அணைக்கச் சொன்னேன். அப்போதுதான் பேச முடியும்.

“ஏண்டா இப்டி பண்ண?”

நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான். “லோடு ஏத்துற எடத்துல எல்லாரும் என்னை அக்கா வண்டி டிரைவர்னு தான் கூப்புடுறானுங்க. பேரு சொல்லிக் கூட கூப்புட மாட்றானுங்க. இந்த வண்டியில எனக்குனு இன்னாக்கா கீது? சத்தமாவது என்னுதா இருக்கட்டும்னு தான்.”

மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. எனக்கு இன்னும்தான் பற்றிக்கொண்டு வந்தது. பெண்பிள்ளையின் வண்டியை ஓட்டுவது அவனுக்குக் கேவலம். அந்தக் கேவலத்தை மறைக்க ஒரு பச்சைக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்கிறான்.

“உனக்கு ஒண்ணு வேணும்னா என்னைக் கேட்டிருக்கணும். கூலி ஏத்திக் கேளு. உன் பேரை வண்டி மேல எழுதிக்கோ. வாயைத் தொறந்து கேட்டியா?” என்றேன். சாவியைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தான். கொஞ்ச தூரம் போனதும்தான் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும், எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று. நின்றான். நானும் கூப்பிடவில்லை. வெயில் தாழும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். பிறகு அவனே திரும்பி வந்து சாவிக்குக் கையை நீட்டினான். ஊர் வந்து சேரும்வரை காலை அழுத்தவில்லை.

கம்பெனி சைலன்சரும் பெட்டியும் வாங்கி மாட்டினேன். மஞ்சள் விளக்கு அணைந்தது. டீசல் பழையபடி வார இறுதி வரை வந்தது. கழற்றிய குழாயை வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் சாய்த்து வைத்திருந்தான். பழைய இரும்புக்காரர் தெருவில் வந்த அன்று நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன். அதற்காக என்னோடு பேசாமல் இருந்தான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கைக்குழந்தைக்காரியைத் தேடிப் போனேன். தூளிக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, வண்டி இப்போது சத்தம் போடுவதில்லை, வந்து கேட்டுப்பார் என்றேன்.

“கேட்டேங்கா. இப்ப நல்லா தான் வருது” என்றாள். “ஆனா அந்த ஸ்கூட்டர் அண்ணனுக்கே போடுறேன்னு சொல்லிட்டேன். பேச்சு மாத்துனா நல்லா இருக்காது.”

அவள் மேல் என்ன தப்பு? மற்றவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். அவள் வரவில்லை. இப்போதும் கரையில் என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள், குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டுகிறாள். நானும் சிரிக்கிறேன். தம்பியைத் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் சிரிப்பு நின்றுவிடுகிறது. இன்றுவரை அவன் அவளிடம் போய், தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.