"சிகரெட்டை எடுத்துட்டேன் மேடம்"

தி. நகரில் எங்கள் குடும்பத்து ஜவுளிக்கடைக்குப் பன்னிரண்டு வருஷம் விளம்பரம் வடிவமைத்தவள் நான். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு பெண். ஒரு மூலையில் கொஞ்சம் கறுப்பு வைத்தாலும் மாமனார் கண்ணில் பட்டுவிடும். "கடை வெளங்கவா, வெளங்காமப் போகவா?" என்பார். அடையாறில் ஒரு டிசைன் கல்லூரியிலிருந்து ஆசிரியர் வேலைக்கு அழைப்பு வந்தபோது அவர் தடுக்கவில்லை. "ஒரு தடவ போயிட்டு வா. கெடைக்கலைன்னா இந்தப் பேச்ச மறுபடி எடுக்கக் கூடாது" என்றார். சரி என்றேன். கிடைக்காமல் திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் சொன்னேன்.

தேர்வுக் குழுவின் முன் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். சினிமா சுவரொட்டி ஒன்றை எடுத்து அதன் வடிவமைப்பைப் பிரித்துப் பேச வேண்டும். பழைய அமெரிக்கக் குற்றப்படம் ஒன்றின் சுவரொட்டியைத் தேர்ந்தெடுத்தேன். நுவார் என்பார்களே, அந்த வகை. முக்கால்வாசி கறுப்பு. ஒரு பெண்ணின் முகத்தில் பாதி இருட்டில், மீதிப் பாதியில் ஜன்னல் தடுப்பின் நிழல் கோடு கோடாக விழுந்திருக்கும். கையில் புகையும் சிகரெட். அதன் நுனி மட்டும் சிவப்பு. மொத்தப் படத்தில் வேறு வண்ணமே கிடையாது.

பெயரைப் படித்துக் கதையை ஊகித்துவிடக் கூடாதென்று எழுத்துகளை எல்லாம் நானே அழித்துவிட்டு, மந்தைவெளி பிரிண்ட் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பெரிய சைஸ். நாளைக் காலை கட்டாயம் வேண்டும், ரொம்ப அவசரம்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். வினை அந்த வரியில்தான் இருந்தது.

காலையில் போனால் கடைக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். "உங்க கூட வேலை செஞ்சவங்களா மேடம்?" என்று தணிந்த குரலில் கேட்டார். ஒன்றும் புரியாமல் சுருளைப் பிரித்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் மெழுகுவர்த்தி. கீழே 'தோற்றம்', 'மறைவு' என்று போட்டுத் தேதிக்கு இடம் விட்டிருந்தார்.

"இன்னாங்க இது?" என் வாயிலும் மெட்ராஸ் பாஷை வந்துவிட்டது.

"கறுப்பு கலரு, ஒரே ஒரு மூஞ்சி, அவசரம்னு வேற சொன்னீங்க. வெள்ளைக்காரம்மா மாறி கீதே, சாந்தோம் சர்ச்சு பக்கத்து ஆளுன்னு நெனச்சேன். மூஞ்சி பாதி இருட்டா கீது, பளிச்சுனு பண்ணிட்டேன். கோடு கோடா வேற இருந்துச்சி, ஸ்கேன் மிஸ்டேக்குனு அழிச்சிட்டேன். சிகரெட்டையும் எடுத்துட்டேன் மேடம். போனவங்க கையில அது நல்லாவா கீது?"

மெஷினில் ஒரு கல்யாண பேனர் ஓடிக்கொண்டிருந்தது. முடிய ஒரு மணி நேரமாகும். எனக்குப் பதினொரு மணிக்கு வகுப்பு, மறுபடி அச்சடிக்க நேரமில்லை. சுருட்டி எடுத்துக்கொண்டு பறக்கும் ரயிலில் ஏறினேன். ஆத்திரத்தில் அழுகையே வந்தது. அவரைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், அந்த வெள்ளைக்காரியையும் விடவில்லை.

கோட்டூர்புரம் தாண்டும்போது போனில் இருந்த மூலப் படத்தைத் திறந்து பார்த்தேன். இருட்டு, கோடு, சிகரெட். நான் பேசுவதாகக் குறித்து வைத்திருந்ததும் அதே மூன்றுதான். அந்த மனிதர் எதையெல்லாம் பிழை என்று திருத்தினாரோ அதெல்லாம்தான் வடிவமைப்பு. இந்தச் சுவரொட்டியைக் கொண்டே வகுப்பெடுப்பது என்று தீர்மானித்தேன்.

கண்ணீர் அஞ்சலியைப் பலகையில் ஒட்டினேன். குழுவில் மூன்று பேர். ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். போனை அவர்கள் கையில் கொடுத்து, "இரண்டும் ஒரே முகம். இதில் யாரைப் பார்த்தால் உங்களுக்குப் பயமாக இருக்கிறது?" என்று கேட்டேன். கடைக்காரர் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றிலும் படம் எதை இழந்தது என்று காட்டினேன். கோடுகள் போனதும் அவளைச் சுற்றியிருந்த அறை போனது. சிவப்புப் புள்ளி போனதும் கண் எங்கே நிற்பதென்று தெரியாமல் அலைந்தது.

நடுவில் இருந்த அம்மாள் கேட்டார்: "நம்ம ஊர் அஞ்சலியில முழு முகத்துக்கும் ஏன் வெளிச்சம் போடறாங்க?"

இதை நான் தயாரித்திருக்கவில்லை. "போனவங்களால இனிமே எதையும் மறைக்க முடியாது. இவ இன்னும் மறைக்கறா. உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் இருட்டு வேணும்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து வர முடியுமா என்றார்கள்.

வாசலில் நின்று மாமனாருக்குப் போன் போட்டேன். "கெடைச்சிருச்சு மாமா."

கடை இரைச்சலுக்கு நடுவே, "சரி, நல்லது" என்றார். பிறகு மெல்ல, "அப்போ ஆடி விளம்பரத்த யாரும்மா போடுவா?"

நான் பார்த்துக்கொள்கிறேன் மாமா என்று பன்னிரண்டு வருஷமாகச் சொன்ன பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியல மாமா" என்றேன்.