மீன் வாடை அடித்த டெஸ்ட் டிரைவ்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் எங்கள் கார் ஷோரூமுக்குள் நுழைந்தபோது, பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, உங்க மீன் பார்ட்டி வந்தாச்சு லா."

சிங்கப்பூரின் செங்காங் பகுதியில் குடியிருக்கும் கணவன் மனைவி. கணவருக்கு அறுபது வயதிருக்கும். முதல் வாரம் வந்ததுமே, "ஆம்பளை யாரும் இல்லையாம்மா?" என்றுதான் கேட்டார். நான்தான் பார்ப்பேன் என்றேன். ஏழு சீட் வண்டியைக் காட்டி, வழக்கமாகப் போகிற இடத்துக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அந்த இடம் தேக்கா மார்க்கெட். வாசலில் இருவரும் இறங்கிக்கொண்டார்கள். வண்டியை நான் பார்க்கிங்கில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அந்தம்மா கீரையும் மீனுமாக வந்து பின்பக்கம் வைத்தார். இரண்டாவது வாரமும் அதே கூத்து. அன்று பையிலிருந்து ஐஸ் தண்ணீர் கசிந்து கார்ப்பெட்டில் ஊறிவிட்டது. மறுநாள் மேனேஜர் கதவைத் திறந்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எனக்கு அந்த மாதத்தோடு ப்ரொபேஷன் முடிகிறது. ஒரு வண்டியாவது விற்றால்தான் வேலை நிலைக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஒன்றுகூட விற்கவில்லை. செகண்டரி டூவோடு, அதாவது எட்டாவதோடு, படிப்பை விட்டவள் நான். ஆபீஸிலிருந்து வரும் ஆங்கில மெசேஜ் ஒவ்வொன்றையும், இதுதான் வேலையை விட்டு நிறுத்தும் மெசேஜோ என்று பயந்து பயந்து திறப்பேன்.

அவரோ வாங்குகிறேன் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. சீட் துணி வெளுக்குமா என்பார். வேறு கடையில் குடை சும்மா தருகிறார்களே என்பார். அன்றும் தேக்காவுக்கே போகலாம் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரோட்டில் நன்றாகத்தான் ஓட்டுகிறார். பார்க்கிங் வந்தால் மட்டும் ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்.

"இன்னிக்கு மார்க்கெட் வேணாம் அங்கிள். உங்க வீட்டு புளோக் கார்பார்க்குக்குப் போவோம். நீங்களே பார்க் பண்ணிப் பாருங்க."

அவர் முகம் மாறியது. அந்த இரண்டு வாரமும் வண்டியில் வாயே திறக்காத அந்தம்மா, "போலாம்" என்றார்.

எக்ஸ்பிரஸ்வேயில் அவரே ஓட்டினார். வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டியதில்லை, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கார்பார்க்கின் மூன்றாவது மாடியில், ஒரு தூணை ஒட்டி இடம் காலியாக இருந்தது. ரிவர்ஸ் போட்டார். சென்சார் கத்தியது. முன்னால் எடுத்து மறுபடி போட்டார். பக்கக் கண்ணாடியில் தூண் பெரிதாகிக்கொண்டே வந்தது. கேமராவைப் பாருங்கள் என்றால் பார்க்கவில்லை. கடைசியில் பிரேக்கை மிதித்தபடி அப்படியே இருந்துவிட்டார்.

"பழைய வண்டியை இதே தூண்லதான் இடிச்சேன். அப்பவே வித்துட்டேன்."

"அதான் சின்ன வண்டி போதும்னு தலையால அடிச்சுக்கிறேன்," என்றார் அந்தம்மா பின்னாலிருந்து. "இருக்கிறது ரெண்டு பேர். ஏழு சீட்ல யாரை உக்கார வைக்கப்போறீங்க, மீனையா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவரை இறங்கச் சொல்லி, நானே வண்டியை வெளியே எடுத்தேன். ஷோரூமில் சின்ன வண்டி ஒன்று இருக்கிறது, அதையும் இதே இடத்தில் போட்டுப் பார்ப்போம் என்றேன். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று இழுத்தார். நான் விடவில்லை. அடுத்த ஞாயிறு நான் அங்கே இருப்பேனா என்பதே தெரியாது. இப்பவே போவோம் அங்கிள் என்றேன். போனோம், வண்டியை மாற்றிக்கொண்டு அதே தூணுக்கு வந்தோம்.

முதல் தடவை கோணலாக நின்றது. இரண்டாவது தடவை நேராக உள்ளே போனது. இறங்கி, தூணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம் போயும் பார்த்தார்.

அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தவர், குடை உண்டா என்றார்.

உண்டு என்றேன். கூடவே, மீன் பை வைக்க ஒரு பிளாஸ்டிக் தட்டும் தருகிறேன் என்றேன்.