பதினைந்தரை கிராம் கற்பூரம்

கற்பூரத் துண்டைத் தராசில் வைத்துப் பார்த்து, நகத்தால் ஓரத்தைச் சுரண்டி, மறுபடி வைக்கிறார் சிவநேசன். பதினைந்தரை கிராம் காட்டியதும் முகம் மலர்கிறது. "மானுக்கு இது போதும் லா" என்று அதை உள்ளங்கையில் உருட்டுகிறார். பிரிக்பீல்ட்ஸில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும், முட்டைகூடத் தொடாத மனிதர். சாம்பிராணி வாங்க வந்த அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்.

எல்லாம் சம்பந்தியால் வந்தது. மகள் ஷாமினி டெக்சஸில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் மாமனார் கிளென், கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடுகிறவர். ஞாயிறு காலை வீடியோவில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் மழை, வெயில் இரண்டோடு பேச்சு தீர்ந்துவிடும். அப்புறம் ஆளுக்கொரு அசட்டுச் சிரிப்பு. ஒருநாள் கிளென் தோட்டா எடையைப் பற்றி ஏதோ சொல்ல, சிவநேசன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

எடுத்த எடுப்பில் சறுக்கினார். தோட்டாவின் எடை 'கிரெயின்' கணக்கு என்றதும், தானியமணி என்றே நினைத்துவிட்டார். மானுக்குப் போதும் என்று கேள்விப்பட்ட கணக்குப்படி பச்சரிசியில் இருநூற்று நாற்பது மணி பொறுக்கித் தராசில் கொட்டி, இதற்குக் காக்காகூட அசையாதே என்று கவலைப்பட்டார். பக்கத்து நகைக்கடை பழனியப்பன்தான் அது வேறு கிரெயின் என்று சொல்லி, கிராமில் மாற்றிப் பதினைந்தரை என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து கடைத் தராசு படாத பாடு படுகிறது.

மனைவி லோகேஸ்வரிக்கு இது பிடிக்கவே இல்லை. சாமி சாமான் விற்கிற இடத்தில் என்ன பேச்சு இது என்பார். "முருகனுக்கே மாமனார் வேடர்தானே? அவரு சம்பந்தம் வச்சுக்கலையா?" என்று சிவநேசனிடம் பதில் தயாராக இருக்கும். அந்த வள்ளி பிறந்ததே மான் வயிற்றில் என்று லோகேஸ்வரி திருப்பிக் கொடுத்தால் மட்டும், ஊதுவத்தி அடுக்கப் போய்விடுவார்.

போன மாதம் ஷாமினி தனியாக அழைத்தாள். கிளெனுக்கு மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஆனாலும் வழக்கமான முந்நூறு கிரெயின் தோட்டாதான் வேண்டும் என்று அடம். சுடும்போது அது உதைக்கிற உதையில் கை போய்விடும் என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. "ப்பா, நீங்க சொன்னா கேப்பாரு. எங்க பேச்சு எடுபடாது லா." சிவநேசனுக்குச் சோறு இறங்கவில்லை. கிடைத்த ஒரே பேச்சையும் கெடுத்துக்கொண்டால், ஆயுசுக்கும் மழையும் வெயிலும்தான்.

ஞாயிறு வந்தது. கையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கேமராவுக்கு முன்னால் இரண்டு கற்பூரத் துண்டுகளை வைத்து, பெரியது கரடிக்கு, மானுக்குச் சின்னதே தாராளம் என்று தமக்கு வந்த ஆங்கிலத்தில் வாதாடினார். உதை குறைந்தால் குறி தப்பாது; தப்பினால் மான் காயத்தோடு ஓடித் துடிக்கும், அது பாவம் என்றார். கிளென் சட்டென்று அழைப்பைத் துண்டித்தார். அந்த வாரம் விபூதி கேட்டவர்களுக்கெல்லாம் குங்குமம்தான் கிடைத்தது.

இன்று காலை கிளென் புதுப் பெட்டி ஒன்றைத் திரையில் காட்டினார். மேலே 240 என்று இருந்தது. "ஓகே, சாம்பாண்டி" என்று, சம்பந்தியைத் தம் நாக்குக்கு வந்தபடி அழைத்து, கட்டுப்போட்ட கையை ஆட்டினார்.

செதுக்கிய துண்டைத் தட்டில் வைத்து, கடைச் சுவரில் இருக்கும் முருகன் படத்துக்கு ஏற்றுகிறார் சிவநேசன். சம்பந்தியின் கைக்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். பிறகு, லோகேஸ்வரி பார்க்கவில்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மானுக்காக இன்னொரு முறை போட்டுக்கொள்கிறார்.