கௌதாரி டிராயர்

அருங்காட்சியகத்தின் மாடியில், பதப்படுத்திய பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘எக்ஸ்ரே’. யார் உள்ளே வந்தாலும் பார்வையாலேயே பையைத் துளைத்துவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். தங்கையின் கணவர் வாங்கிவரும் பால் பாக்கெட்டின் தேதியைக்கூட ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பார்.

ஒருநாள் ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்து காட்டுக்கௌதாரி டிராயரைக் கேட்டார். தரையிலேயே மேய்ந்து தரையிலேயே முட்டையிடும் பறவை; காடு குறையக் குறைய அதுவும் அருகிவந்தது. பிடித்த இடம் எழுதிக் காலில் கட்டிய சீட்டோடு பதினான்கையும் மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, எக்ஸ்ரே எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். டீ குடிக்கக்கூட எழவில்லை.

மூன்றாம் நாள், கழிப்பறைக்குப் போய்த் திரும்பியவர் கண்ணில் ஒரு பறவையின் பாதத்தில் புதிதாக வெட்டிய தடம் பட்டது.

“என்ன சார் இது? கால்ல கத்தி வச்சிருக்கீங்க?”

“மரபணு சோதனைக்கும்மா. துளி தோல்தான். இயக்குநர் அனுமதி கொடுத்திருக்காரு.” கடிதத்தை நீட்டினார்.

கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் மனசு ஒப்பவில்லை. இயக்குநருக்கே போன் போட்டார். உண்மைதான். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல” என்று போனை வைத்த பிறகு பொருமினார்.

மறுநாள் ஆராய்ச்சியாளரின் சந்தேகம் எக்ஸ்ரே பக்கமே திரும்பியது.

“வடக்கு மலையில பிடிச்ச அஞ்சுக்கும் இறக்கை சின்னது, மார்புல கோடும் இல்ல. இது தனி இனமா இருக்கலாம். ஆனா சீட்டு கட்டின நூல் எல்லாம் புதுசா இருக்கேம்மா. மாத்திக் கட்டும்போது கலந்துபோயிருந்தா?”

எக்ஸ்ரேவுக்குச் சுருக்கென்றது. நூல் இற்றுப்போனதால் ஆறு வருடங்களுக்கு முன் மாற்றிக் கட்டியவர் அவரேதான். பீரோவைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துவந்து மேஜையில் போட்டார். ஒவ்வொரு பறவைக்கும், பழைய நூலை அவிழ்க்குமுன் எடுத்த இறக்கை அளவு, கட்டிய பின் எடுத்த அளவு, மணி, நிமிஷம்.

“ரெண்டு தடவை அளந்தீங்களா? எதுக்கு?”

“என் கையையே நான் நம்ப மாட்டேன் சார்.”

ஆராய்ச்சியாளர் பதினான்கையும் மறுபடி அளந்து நோட்டோடு ஒப்பிட்டார். ஒன்றுகூட மாறவில்லை.

அடுத்த வருடம் வடக்கு மலைக் கௌதாரி தனி இனம் என்று முடிவானது. பிரித்து எண்ணிப் பார்த்தால் இருநூறுகூடத் தேறாது என்றார்கள். செய்தித்தாளைப் படித்த தங்கை, “எல்லாம் உன்னாலதான்க்கா!” என்று துள்ளினாள்.

அக்கா செய்தித்தாளை வாங்கி மடித்துவைத்தார். “இத்தனை நாள் யாரும் சீண்டாத பறவைடி. அபூர்வம்னு இப்ப ஊருக்கே சொல்லியாச்சு. எவன் எவன் பிடிக்கக் கிளம்பி வரப்போறானோ.”

அன்றே டிராயருக்குப் புதுப் பூட்டு கேட்டு எழுதிக்கொடுத்தார். காட்டில் திரிகிறவற்றுக்கு என்ன செய்வதென்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.