கல்யாணக் காட்சியில் இருந்தவள்

இது நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். என்னோடு வேலை பார்த்த நடிகை டாக்மார் ராவ்ன் என்னிடம் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். அவள் கோபக்காரி. பொய்க்காரி இல்லை.

கோபன்ஹேகனில் பேசாத படங்கள் ஓடிய காலம். கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகையில், சூரிய வெளிச்சத்தில்தான் படம் எடுப்போம். ஒரு படத்துக்கு இரண்டு முடிவு. எங்கள் ஊருக்குக் கல்யாணம். ரஷ்யாவுக்குப் போகும் படத்தில் சாவு. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனால்தான் அவர்களுக்குப் படம் பார்த்த மாதிரி இருக்கும்.

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் சாவை எடுப்பார்கள், கடைசியில் கல்யாணம். சாவுக் கட்டிலிலிருந்து எழுந்து யாரும் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது.

டாக்மாருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் அம்மா வேஷம்தான் என்று முதலாளி சொல்லியாகிவிட்டது. இந்தப் படத்தின் கல்யாணக் காட்சியைப் பார்த்து அவர் மனசு மாறினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பிப்ரவரி மாதம். காலையெல்லாம் மேகம். வெயில் எட்டிப்பார்த்தபோது மணி ஒன்று. கதாநாயகன் ஈவால்டுக்கு நாடக ஒத்திகை இருந்தது, ஓடத் துடித்தான். அவனுக்காக டைரக்டர் ஹோல்கர் வழக்கத்தையே மாற்றினார். கல்யாணம் முதலில்.

ஈவால்டின் மீசையில் மதியம் தின்ற ஹெரிங் மீன் நாற்றம். முத்தம் கொடுக்கும்போது டாக்மார் முகத்தைச் சுளித்துவிட்டாள். போச்சு என்று அவளுக்கே தெரிந்தது.

"இன்னொரு தடவ எடுங்க, ஹோல்கர்."

"நல்லாத்தான் இருந்துச்சு. வெளிச்சம் போகுது. போய்ச் சாவு."

"என் பொழப்பே இதுலதாங்க இருக்கு."

"நீ சாகலன்னா என் பொழப்பு போயிரும். படு."

உடுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் மேட்டே குறுக்கே வந்தாள். "சாவுல முடிக்காதீங்கய்யா. வேண்டாம்."

"நீ ஊசி நூலப் பாரு, மேட்டே."

ஈவால்ட் போய்விட்டான். டாக்மார் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. கண்ணைத் திறந்தபடியே சாக வேண்டும், அதுதான் காட்சி. கேமராக்காரர் கைப்பிடியைச் சுற்றினார்.

கர்... கர்... கர்...

யாரோ அவள் இமைகளை மூடினார்கள்.

விரல்கள் சில்லென்று இருந்தன. டாக்மார் எரிச்சலோடு எழுந்து உட்கார்ந்தாள். "யாரு தொட்டது?"

"யாரும் தொடல. நீயாத்தான் கண்ண மூடுன. மறுபடியும் சாவு."

மறுபடியும் படுத்தாள். கர்... கர்... இந்த முறை அவள் பக்கத்தில் தலையணை அமுங்கியது. யாரோ தலை வைத்துப் படுப்பது போல. அவள் அசையவில்லை. அசைந்தால் இன்னொரு தடவை சாகச் சொல்வார்கள்.

காதோரம் ஒரு குரல். மெதுவாக.

"இப்ப என் முறை..."

ஹோல்கர் கைதட்டினார். காட்சி முடிந்தது. வெளிச்சமும் போனது. கேமராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

ஆனால் சத்தம் நிற்கவில்லை.

கர்... கர்...

கொட்டகையின் மறு கோடியிலிருந்து வந்தது.

கல்யாண செட்டிலிருந்து.

அங்கே யாருமில்லை.

மூன்றாம் நாள் முதலாளி அறையில் படத்தைப் போட்டார்கள். சாவுக் காட்சியில் குறை ஒன்றுமில்லை. பிறகு கல்யாணம் வந்தது. முதலாளி நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

"இதத்தான் கேட்டேன், டாக்மார்! இன்னும் மூணு வருஷத்துக்கு நீதான் கதாநாயகி."

டாக்மார் திரையைப் பார்த்தாள். மணப்பெண் முகம் சுளிக்கவில்லை. ஈவால்டை அப்படி முத்தமிட்டாள்... பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். இளம் முகம். கன்னத்தில் குழி.

"அது நான் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். "உன்னத் திருப்திப்படுத்த ஆளே கிடையாது," என்றார் ஹோல்கர்.

"மறுபடி எடுக்கலாங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"இதவிட நல்லா உன்னால நடிக்க முடியாது," என்றார் முதலாளி.

வாசலில் நின்று மேட்டேயும் படத்தைப் பார்த்திருந்தாள். "அது ஆல்மா," என்றாள். "நீ இங்க வர்றதுக்கு முன்னாடி இருந்தவ. அதே கட்டில்ல செத்து நடிச்சா. சூரியன் போயிருச்சு, கல்யாணத்த நாளைக்கு எடுக்கலாம்னு அனுப்பிட்டாங்க. ராத்திரி காய்ச்சல். விடியறதுக்குள்ள செத்துட்டா. அதுக்கப்புறம் வந்ததுதாம்மா அந்த வழக்கம்."

டாக்மார் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். வேறு என்ன செய்வாள்? இத்தனை வருஷம் உழைத்ததற்கு வந்த பரிசு, அதுவும் அடுத்தவளுக்கு வந்தது.

படம் வெளியானது. ஒரு சாயங்காலம் அவள் தனியாகத் தியேட்டருக்குப் போனாள். டிக்கெட் கிழிக்கும் பெண்ணுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"நான்தாம்மா இதுல கதாநாயகி."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "போங்கக்கா. அவங்க தினமும் வராங்க. கல்யாணம் வர்ற நேரத்துக்கு வந்து, பின்னாடி நின்னு பாத்துட்டுப் போவாங்க. எங்கிட்டகூட ஒரு வார்த்த பேசினதில்ல."

டாக்மார் கதவைப் பார்த்தாள்.

"இப்பகூட உள்ளதான் நிக்கறாங்க."